அரசு வேலையில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்: நாள் முழுக்க என்னதான் செய்வாங்க?

குடியாத்தம்_தறி:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் குடியாத்தம். வேலூர்ல எம்.எஸ்சி. புள்ளியியல் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். அப்பா கைலி நெய்யுறார், அம்மாவும் தறியிலதான். வீட்ல டிகிரி வாங்கின முதல் ஆள் நான்.

பிளஸ் டூ வணிகக் கணிதத்துல போக்குவரத்துக் கணக்கு வருமே, மூணு கிடங்கு, நாலு கடை, எங்கிருந்து எங்க அனுப்பினா செலவு குறையும்னு. வடமேற்கு மூலை முறையில போட்டு ஒரு விடை வரும். அதையே வோகல் முறையில போட்டா செலவு இறங்கும். அந்த வித்தியாசத்தைப் பார்த்த அன்னிக்கே இந்தப் பாடம் எனக்குப் பிடிச்சுப் போச்சு. இப்போ எம்.எஸ்சி.யில ஆபரேஷன்ஸ் ரிசர்ச், அதாவது ஓ.ஆர். தாளுக்குத்தான் ராத்திரி உக்காந்து படிக்கிறேன்.

மாமா குரூப் 2 கோச்சிங் சேருன்னு சொல்றார். கூடப் படிக்கிறவங்க பெங்களூர்ல டேட்டா வேலைக்குப் பார்க்குறாங்க. எனக்கு அரசாங்கத்துல இந்தக் கணக்கை வச்சே வேலை செய்யணும்னு ஆசை. அப்படி ஒரு வேலை நிஜமா இருக்கா? அதுல இருக்கிறவங்க காலையில போய் சாயங்காலம் வரைக்கும் என்ன செய்வாங்க? எந்தப் பரீட்சை எழுதணும்? எங்க காலேஜ்ல கேட்டா யாருக்கும் சரியாத் தெரியல. இந்த வேலையில இருக்கிறவங்க, இருந்தவங்க யாராவது இருந்தா கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க.

---

வாலாஜா_புள்ளி:

தங்கச்சி, நான் மாநில அரசுல புள்ளியியல் பணியில இருக்கேன். பரீட்சை விவரத்தை முதல்ல சொல்லிடறேன்.

இந்தியாவுல "ஓ.ஆர். அனலிஸ்ட்"னு பலகை மாட்டின பதவியைத் தேடிப் போனா ரொம்பக் குறைச்சலாத்தான் கிடைக்கும். வேலை வேற பேர்கள்ல இருக்கு. யூ.பி.எஸ்.சி. நடத்துற இந்தியப் புள்ளியியல் பணி, அதாவது ஐ.எஸ்.எஸ்., உங்களுக்கு நேர் வழி. வயசு 21 முதல் 30, இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்குத் தளர்வு உண்டு. புள்ளியியல் நாலு தாள், ஒவ்வொண்ணும் 200 மார்க். நாலாவது தாள்ல பிரிவுகளைத் தேர்ந்தெடுக்கலாம், அதுல ஓ.ஆர். ஒரு பிரிவு. ராத்திரி உக்காந்து படிக்கிறது வீண் போகாது. கணிதம் மட்டும் படிச்சவங்க இதை எழுத முடியாது, புள்ளியியல் பாடமா இருந்திருக்கணும். உங்களுக்கு இருக்கு.

எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல்.ல ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆபீசர் பதவி இருக்கு. டி.என்.பி.எஸ்.சி.யில உதவி புள்ளியியல் ஆய்வாளர். 2019-ல இருந்து கேட் (GATE) தேர்வுல புள்ளியியலுக்குத் தனித் தாளே வந்துடுச்சு, அதையும் எழுதி வைங்க.

எங்க வேலையில உங்க ஓ.ஆர். நேரா வராது. ஆனா அதுக்குத் தீனி போடுற எண் எங்க கையிலதான் பிறக்குது. நெல்லுக்குப் பயிர் அறுவடைப் பரிசோதனைன்னா, வயல்ல 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கயிறு கட்டி, அதை மட்டும் அறுத்து, அடிச்சு, எடை போடணும். சதுரம் எங்க விழணும்னு ரேண்டம் எண் சொல்லும். நான் எண்ணிக்கிட்டே வரப்புல நடந்தா, நிலத்துக்காரர் கூடவே வந்து, "சார், அந்த மூலை வேணாம், அங்க தண்ணி நின்னு போச்சு, இங்க எடுங்க"ம்பார். காப்பீடு இருக்கிற வருஷம்னா அதே ஆள் தண்ணி நின்ன மூலையைக் காட்டுவார். ரெண்டு பக்கமும் தலையாட்டாம எண் சொன்ன இடத்துலயே முளையை அடிக்கணும். டெல்லியில யாரோ ஒருத்தர் மாடல்ல போடுற "மகசூல்"ங்கிற ஒத்தை எண் அந்த முளையிலதான் நிக்குது.

---

காட்பாடி_காந்திநகர்:

அம்மா, "நாள் முழுக்க என்ன செய்வாங்க" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 1989-இல் சேர்ந்து 2021-இல் ஓய்வு பெறும்வரை மத்திய அரசில் இதே வேலைதான் பார்த்தேன். துறையின் பெயர் வேண்டாம். பெரும்பாலும் டெல்லி, நடுவில் சில வருஷம் சென்னை. வாலாஜா தம்பி சொன்னது போல என் பதவியின் பெயரிலும் ஓ.ஆர். கிடையாது.

கணக்குப் போடுவது வாரத்தில் ஒரு நாள் வேலை. மற்ற நாளெல்லாம், நம்மிடம் கேட்டவருக்கு உண்மையில் என்ன தெரிய வேண்டும் என்று கண்டுபிடிப்பதிலும், எண்கள் எங்கிருந்து வந்தன என்று துருவுவதிலும், கடைசியில் ரெண்டு பக்க நோட் எழுதுவதிலும் போய்விடும். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியே அதுதான்.

ஒன்று சொல்கிறேன். 2007. சென்னையில் இருந்தேன். ரேஷன் பொருள் நகர்வைப் பார்த்துத் தரச் சொல்லி ஒரு வேலை வந்தது. கிடங்கிலிருந்து கடைகளுக்கு லாரி போகும் வழியை ஒழுங்குபடுத்த வேண்டும். உங்கள் பிளஸ் டூ கணக்கேதான், கொஞ்சம் பெரிசு. நம்ம ஊர்ப் பக்கம் என்பதால் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தூரப் பட்டியல், கடைக்கு எத்தனை மூட்டை, லாரியின் கொள்ளளவு எல்லாம் வந்தது. பத்து நாளில் விடை எடுத்தேன். லாரி ஓடும் தூரம் நன்றாகவே குறைந்தது. மேலதிகாரிக்குச் சந்தோஷம். நோட் போகும் முன்னே ஒரு நாள் லாரியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

விடியக்காலை கிடங்கில் ஏறினேன். ஒடுகத்தூர் பக்கம் போகும் லாரி. டிரைவர் என் தாளைக் கையில் வாங்கி, நிதானமாக, கடைப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். நாலாவது பெயரில் நிறுத்தினார். "இது இன்னிக்குத் திறக்காது சார்" என்றார். அது பகுதி நேரக் கடை. விற்பனையாளர் ஒருவர்தான், ரெண்டு கடை அவர் பொறுப்பு. செவ்வாயும் வெள்ளியும்தான் அங்கே வருவார். என் பட்டியலில் அது முழுக் கடையாக இருந்தது.

அதற்குள் பின்னாடி சுமை தூக்குகிறவர்கள் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயசானவர் ஒருவர் வந்து, "எந்தக் கடை கடைசி?" என்று கேட்டார். எதற்கு என்றேன். கடைசியாக இறக்குவதை முதலில் ஏற்றினால்தானே மேலே இருப்பதை முதல் கடையில் இறக்க முடியும் என்றார். அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயில் பெட்டி எல்லாம் ஒரே லாரியில். பெட்டி மேல் மூட்டை வைக்க முடியாது. என் கணக்கு சொன்ன வரிசையில் போனால் மூன்றாவது கடையில் பாதி லாரியை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். அவர்களுக்குக் கூலி மூட்டைக் கணக்கு. இறக்கி ஏற்றுவதற்கு யார் கூலி தருவார்கள்? எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "பெரிய கடையை முதல்ல வையுங்க, கனம் குறைஞ்சா மேடு ஏறும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வாடகை ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். தூரத்துக்கும் எடைக்கும் வாடகை. லாரி குறைவாக ஓடினால் ஒப்பந்தக்காரருக்கு வருமானம் குறையும். தனக்கு நஷ்டம் வரும் வழியை அவர் எதற்குப் பின்பற்றுவார்? இது தூரப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

மறுபடி உட்கார்ந்தேன். கடை திறக்கும் நாள், ஏற்றும் வரிசை, மாசம் பிறக்கும் முன்னே சரக்கு போய்ச் சேர வேண்டிய அவசரம், மூன்றையும் நிபந்தனையாகச் சேர்த்தேன். முதலில் காட்டிய மிச்சத்தில் பாதிதான் நின்றது. வாடகை விதியைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதினேன். முதல் நோட்டை அப்படியே அனுப்பியிருந்தால் பாராட்டு வந்திருக்கும், ஒரு லாரியும் அந்த வழியில் போயிருக்காது.

இரண்டாம் உலகப் போரில், 1941-இல் இங்கிலாந்தில் நடந்ததை உங்கள் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். நீர்மூழ்கிக் கப்பல்மேல் விமானத்திலிருந்து போடும் வெடி 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைத்திருந்தார்கள். ஓ.ஆர். முன்னோடியான இயற்பியலாளர் பிளாக்கெட்டின் குழுவில் இருந்த இ.ஜே. வில்லியம்ஸ் தாக்குதல் அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். ஆழத்துக்குப் போய்விட்ட கப்பல் எந்தப் பக்கம் திரும்பியது என்றே விமானிக்குத் தெரியாது, அங்கே வெடி போட்டுப் பயனில்லை. அடிக்க வாய்ப்புள்ளது அப்போதுதான் மூழ்க ஆரம்பித்த கப்பலை மட்டுமே. அது மேலேதான் இருக்கும். 25 அடி வையுங்கள் என்றார். பலன் பல மடங்கு ஆனது. வெடிமருந்தையே மாற்றிவிட்டார்கள் என்று எதிரிகள் நினைத்தார்களாம். அதில் கடினமான கணிதம் எதுவும் இல்லை. விமானி கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று கேட்டதுதான் வேலை. பயிற்சியில் இதை ஒரு கதையாகக் கேட்டுவிட்டுப் போனேன். லாரியில் உட்கார்ந்த அன்றுதான் உறைத்தது.

நம் நாட்டிலும் இது பழைய துறை. 1949-லேயே ஹைதராபாத்தில் ஓ.ஆர். பிரிவு தொடங்கினார்கள். 1957-இல் இந்திய ஆபரேஷனல் ரிசர்ச் சங்கம் வந்தது. டெல்லியில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஐ.எஸ்.எஸ்.ஏ. என்ற ஆய்வு நிறுவனத்தில் முழுக்க இதே வேலைதான். நான் பட்ட அந்த ரேஷன் கணக்கு இப்போது தேசம் முழுக்க வந்திருக்கிறது. ஐ.ஐ.டி. டெல்லியும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து செய்த "அன்ன சக்ரா" என்ற கருவியை 2024-இல் வெளியிட்டார்கள். செய்தியைப் படித்தபோது அந்தத் துண்டு கட்டியவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மனசு கசந்த நாளும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரு சமயம் முடிவை எடுத்துவிட்டு அதற்கு ஏற்ற எண் கேட்டார்கள். "இந்த அனுமானத்தை மட்டும் மாத்துங்களேன், நாலு சதவீதம்தானே" என்று. மாற்றினால் விடை தலைகீழாகும். மாற்றவில்லை. எந்த அனுமானத்தில் எந்த விடை வரும் என்று ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த ஃபைல் திரும்பி வரவே இல்லை. என்னை நூலகப் பிரிவுக்கு மாற்றினார்கள், ரெண்டு வருஷம் அங்கேதான். அந்த நோட்டை இன்றைக்கும் அப்படியேதான் எழுதுவேன். வேலையில் சேரும் முன்னே இப்படியும் நாள் வரும் என்று தெரிந்திருங்கள் அம்மா.

---

சத்துவாச்சாரி_அக்கா:

ஐயா எழுதினதைப் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணல.

தங்கச்சி, நான் சத்துவாச்சாரி பொண்ணு, இப்போ லண்டன். இங்க பதவி பேரே ஆபரேஷனல் ரிசர்ச் அனலிஸ்ட்தான். அரசாங்கத்துக்குள்ள ஜி.ஓ.ஆர்.எஸ்., அதாவது கவர்ன்மென்ட் ஆபரேஷனல் ரிசர்ச் சர்வீஸ்னு ஒரு பணிப் பிரிவு இருக்கு, பல துறைகள்ல ஆள் இருக்காங்க. ஆஸ்பத்திரி காத்திருப்புப் பட்டியல், ஜெயில்ல அடுத்த சில வருஷத்துக்கு எத்தனை பேர் இருப்பாங்க, கோர்ட்டுல வழக்கு எவ்வளவு தேங்கும், இப்படி. இங்க வேலை பார்க்க விசா உரிமை இருந்தா, காமன்வெல்த் நாட்டுக்காரங்கங்கிறதால இந்தியர்களும் பெரும்பாலான பதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். இது நிறையப் பேருக்குத் தெரியல, எனக்கே தாமதமாத்தான் தெரிஞ்சது.

இங்க நான் கத்துக்கிட்ட பெரிய விஷயம், நம்ம கணக்கை அடுத்தவங்க கையில கொடுத்து உடைக்கச் சொல்றது. 2012-ல லண்டனையும் கிளாஸ்கோவையும் இணைக்கிற மேற்குக் கரை ரயில் பாதையை யாருக்கு ஒப்பந்தம் விடுறதுன்னு போட்ட கணக்குல தப்பு வந்துச்சு. பணவீக்கம் சேர்த்த தொகையும் சேர்க்காத தொகையும் ஒரே கணக்குல கலந்து போச்சு. முடிவை அறிவிச்ச பிறகு மொத்த ஏலத்தையும் ரத்து பண்ண வேண்டியதாச்சு, கோடிக்கணக்குல மக்கள் பணம் போச்சு. 2013-ல அரசாங்கம் முழுக்க இருக்கிற முக்கிய மாடல்களை எல்லாம் சோதிச்சாங்க, 2015-ல "அக்வா புக்"னு வழிகாட்டி நூல் வந்துச்சு. இப்போ என் மாடல் ஒவ்வொண்ணுக்கும் பொறுப்பாளர் பேர் இருக்கும், அனுமானப் பதிவேடு இருக்கும், நான் எழுதாத ஒருத்தர் வரி வரியாச் சரிபார்த்திருப்பார். முதல் தடவை என் ஷீட்டுல ஒருத்தி பதினாலு தப்பு கண்டுபிடிச்சப்ப அழுகை வந்துச்சு. இப்போ யாரும் தப்பே கண்டுபிடிக்கலன்னா ராத்திரி தூக்கம் வராது.

எனக்கு இந்த ஆர்வம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வரிசையிலதான் பிறந்துச்சு. அம்மாவுக்கு வைத்தியம் பாக்க விடியக்காலையில போய் நிப்போம். வங்காளத்துல இருந்து ரெண்டு நாள் ரயில்ல வந்தவங்க பக்கத்துல நிப்பாங்க. டாக்டர் சும்மாவே உக்காரலையே, அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்னு யோசிப்பேன். காலேஜ்ல வரிசைக் கோட்பாடு படிச்சப்ப விடை கிடைச்சது. ஒரே கவுன்டர் இருக்கிற எளிய மாடல்ல, கவுன்டர்காரர் 80 சதவீத நேரம் வேலையா இருந்தா உள்ளே சராசரியா 4 பேர் இருப்பாங்க. 90 சதவீதம்னா 9 பேர். 95-ன்னா 19. 90-ல இருந்து 95-க்குப் போற அந்த அஞ்சு சதவீதத்துல வரிசை ரெட்டிப்பாகுது. அவர் ஓயாம வேலை செஞ்சதாலதான் நாங்க அவ்வளவு நேரம் நின்னோம். இதை ஒரு அதிகாரிக்குப் புரிய வச்சு, கொஞ்சம் ஆள் சும்மா இருக்கிறது நல்லதுன்னு ஒத்துக்க வைக்கிறதுதான் என் தினசரி வேலை.

---

குடியாத்தம்_தறி:

அண்ணா, ஐயா, அக்கா, மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. மூணையும் அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். லாரியில ஏத்துற வரிசையைக் கேட்டதும், "பாவு சுத்துறப்பவும் அப்படித்தான், கடைசியில வேண்டியது உள்ளே போகணும்"னார். ஐ.எஸ்.எஸ். எழுதுறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

ஐயா, அதுவரைக்கும் நான் செஞ்சு பார்க்கிற மாதிரி சின்ன வேலை ஏதாவது சொல்லுங்களேன்.

---

காட்பாடி_காந்திநகர்:

உங்கள் தெரு ரேஷன் கடைக்குப் போங்கள் அம்மா. விற்பனையாளரிடம் முதலில் அனுமதி கேளுங்கள், அவரைச் சோதிக்க வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். மாசத்தின் முதல் ரெண்டு நாள். ஒவ்வொரு கார்டுக்கும் வந்த நேரம், கைரேகை வைக்க ஆன நேரம், எடை போட ஆன நேரம், பணம் கொடுத்து நகர்ந்த நேரம், தனித்தனியாக. பெயர் எழுத வேண்டாம். மாடல் எதுவும் போடாதீர்கள், எழுதி மட்டும் வாருங்கள்.

---

குடியாத்தம்_தறி:

ஐயா, போயிட்டு வந்தேன். கடைக்காரர் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். ரெண்டு நாள்ல 212 கார்டு எழுதினேன்.

எடை போடத்தான் நேரமாகும்னு நினைச்சுப் போனேன். அது கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே அளவு. கைரேகைதான். பாதிப் பேருக்குப் பத்து செகண்ட். ஆனா 31 பேருக்கு மூணு தடவை, நாலு தடவை வச்சும் விழல. விரலைச் சேலையில துடைச்சு, மறுபடி வச்சு, அப்புறம் வேற விரல். அதுல ஒரு பாட்டி எங்க தெருதான், நாப்பது வருஷமா பீடி சுத்துறாங்க. விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு. எங்க அம்மாவுக்கும் ரெண்டாவது விரல்லதான் விழுந்துச்சு.

சராசரி போட்டா ஒரு கார்டுக்கு மூணு நிமிஷம் சொச்சம் வருது. இதை அப்படியே சேவை நேரம்னு எடுத்துக்கலாமா?

---

காட்பாடி_காந்திநகர்:

எடுக்காதீர்கள். அந்தச் சராசரி அங்கே நின்ற யாருடைய நேரமும் இல்லை. ரெண்டு வகையாகப் பிரியுங்கள், ரேகை விழுகிறவர்கள் ஒன்று, விழாதவர்கள் ஒன்று. சராசரி மாறாமல் சிதறல் மட்டும் கூடினாலே வரிசை நீளும், அந்தச் சூத்திரம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கும், எடுத்துப் பாருங்கள். அந்த 31 பேர் எந்த நேரத்தில் வந்தார்கள் என்று குறித்திருக்கிறீர்களா? காலையிலேயே சேர்ந்து வந்திருந்தால் வேறு கணக்கு.

விழாதபோது கடைக்காரர் என்ன செய்தார், ஃபோனுக்கு ஓ.டி.பி. அனுப்பினாரா, மறுநாள் வரச் சொன்னாரா என்பதையும் எழுதுங்கள். திரும்பிப் போனவர்கள் உங்கள் 212-இல் இருக்கிறார்களா?

---

குடியாத்தம்_தறி:

இல்ல ஐயா. பொருள் வாங்கினவங்களை மட்டும்தான் எழுதியிருக்கேன். திரும்பிப் போனவங்களை எண்ணவே இல்ல. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி மறுபடி போறேன்.